பக்கவாட்டில் ஒரு படம்

குடோனைத் திறந்து, முந்தின நாள் லாரி ஆபீசிலிருந்து எடுத்து வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அருள் கூப்பிட்டார். ரெஜினா அக்காவின் தம்பி அவர். என்னைக் கூப்பிடுகிற வழக்கமே அவருக்கு இல்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவே பேசிவிடுவார். அதனால் போனில் அவர் பெயரைப் பார்த்ததுமே பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

“குமரேசு, எங்க இருக்கீக?”

“குடோன்லதான் அண்ணே. சொல்லுங்க.”

“அக்கா போயிருச்சுப்பா.”

விடியற்காலையில் எழுந்து, நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வெந்நீர் கேட்டுக் குடித்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றும்போதுகூட வாசல் விளக்கை அணைக்கச் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டேப்பைக் கீழே வைத்தாள். “யாருண்ணே?” என்றாள். சொன்னேன். “நேத்துத்தானண்ணே என்னைப் போன்ல வைதாக,” என்று அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கூலிங் கிளாஸை உறை போடாமல், படம் எடுக்க அக்காவுக்கு அனுப்பி வைத்திருந்தாள். அதற்காகக் கிடைத்த திட்டு அது. திட்டி முடித்த கையோடு, அவள் மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்றும் அக்கா விசாரித்திருக்கிறார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அருள் கேட்டார். இதைப் படிக்கிற உங்களில் பலரை அக்கா ஒரு முறையாவது ஸ்டூலில் உட்காரவைத்து, “நாடியைத் தாழ்த்துங்க, இன்னுங் கொஞ்சம்” என்று சொல்லிப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருப்பார். சிலருக்கு அவரைக் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடியவராகத் தெரியும். ஆனால் கடைசி சில வருடங்களாக மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பது மரியநாதபுரத்தில் அவர் தெருக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. கூடவே இருந்தவன் என்பதால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

நான் முதலில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளராக இருந்தேன். பிறகு துணிந்து, கூலிங் கிளாஸ்களை மொத்தமாக வாங்கி இணையத்தில் விற்கத் தொடங்கினேன். கடை கிடையாது, திண்டுக்கல்லில் ஒரு சின்ன குடோன் மட்டும்தான். வாங்குகிறவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது போட்டோ ஒன்றுதான். அந்தப் போட்டோவை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை வைத்து என் செல்போனிலேயே எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி என்பது சின்ன நிலைக்கண்ணாடி மாதிரி. எதிரில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டிவிடும். வாங்கிய ஒருவர், “சரக்கு நல்லா இருக்கு. போட்டோவில் சட்டையில்லாமல் நிற்கும் அண்ணன் யார்?” என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். கூர்ந்து பார்த்தேன். இரண்டு லென்சிலும் நான்தான் லுங்கியோடு நின்றுகொண்டிருந்தேன். படத்தில் கறுப்பாகத் தெரிந்ததை வாங்கியவர்கள், வந்து சேர்ந்தது பழுப்பு நிறம் என்று திருப்பி அனுப்பியது தனிக் கதை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரிடம் புலம்பினேன். “நம்ம கடையில ஒரு அக்கா இருக்காக. கண்ணாடி போட்டவுகள வெளிச்சம் அடிக்காம எடுக்கணும்னா அவுகதான். கேட்டுப் பாரு,” என்றார். அப்படித்தான் ரெஜினா அக்காவின் முன்னால் போய் நின்றேன். கொண்டுபோன கண்ணாடிகளைக் கவுண்டரில் வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்து, லென்சில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல நான் இருக்கேன். டியூப் லைட் இருக்கு. பின்னாடி காலண்டர்ல மாதா இருக்காக. கண்ணாடியத்தான் காணோம்,” என்றார்.

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிறகு ஸ்டுடியோவில் வேலை குறைந்தபோது, அக்கா என் வேலையை வீட்டு மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்வீட்டில் அருள் குடும்பத்தோடு சாப்பாடு, மாடி அறையில் வேலை. அங்கே நான்கு கம்பிகளை நட்டு, வெள்ளைத் துணியால் ஒரு சின்னக் கூடாரம் கட்டினார். விளக்குகள் எல்லாம் துணிக்கு வெளியே. கண்ணாடி உள்ளே, தூண்டில் நரம்பில் தொங்கும். துணியில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியாகக் கேமராவின் மூக்கை மட்டும் நீட்டுவார். அப்போது லென்சில் அறையும் தெரியாது, ஆளும் தெரியாது. பால் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் மேலிருந்து கீழே இறங்கும். அந்த வெளிச்சத்தில்தான் கண்ணாடியின் உண்மையான நிறம் தெரிந்தது. நான் அவசரப்படுத்தினால், “வெளிச்சத்தை அதட்டக் கூடாது தம்பி. செத்த நேரம் விட்டுப் பிடிக்கணும்,” என்பார்.

துணியின் கீறல் வழியாகக்கூட உடுத்தியிருக்கும் உடையின் நிறம் லென்சில் விழும் என்பதால் வேலை நாளில் அக்கா கறுப்புப் புடவைதான் கட்டுவார். முழுக்கை ஜாக்கெட்டும் கறுப்பு. பால் வாங்கவும் அதே புடவையில் தெருவுக்கு வருவார். எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஏன் ரெஜினா, நீ வேதக்காரப் பொம்பளையாச்சே, சபரிமலைக்கா மாலை போட்டுருக்க?” என்று கேட்டுவிட்டார். “ஆமாக்கா. கண்ணாடிசாமிக்கு,” என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்தவர், மேலே என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று எடுத்த முதல் சில படங்கள் எல்லாம் ஆடிப்போய்விட்டன.

இனி சரண்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் நான் மாடியில் இருந்தபோது வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைப்பு வந்தது. கையில் பெட்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் குரல். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பெரிய சதுரக் கண்ணாடியைச் சொல்லி, “அண்ணே, இதைப் போட்டா பக்கத்துல இருந்து பாக்குறவுகளுக்கு உள்ள கண்ணு தெரியுமா?” என்று கேட்டது.

“பெரிய சைஸ்தாம்மா. நல்லா மறைக்கும்,” என்றேன்.

“இல்லண்ணே, முன்னாடி இல்ல. பக்கத்துல.”

லென்சின் அகலம், உயரம் எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் மறுபடியும் அதையே கேட்டது. கூடாரத்துக்குள் குனிந்திருந்த அக்கா நிமிர்ந்து வந்து போனைக் கையில் வாங்கினார்.

“ஏம்மா, எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்,” என்றது குரல்.

அக்கா மெதுவாகப் பேசப் பேச, விஷயம் தெரிந்தது. பெயர் சரண்யா. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். பைக் விபத்தில் இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இமை உள்வாங்கி மூடியிருக்கிறது. வெளியே போனால் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்கிறாள். “கடையில போய்ப் போட்டுப் பாத்து வாங்க முடியாதுக்கா. எல்லாரும் பாப்பாக. அதான் போட்டோவப் பாத்து வாங்கலாம்னு. ரெண்டு வாங்கிட்டேன், வேற வேற எடத்துல. ரெண்டுலயும் சைடுல தெரியுது,” என்றாள்.

“நீ எதையும் இப்ப வாங்காத. நான் எடுத்து அனுப்புறேன், பாத்துட்டுச் சொல்லு,” என்று அக்கா போனை வைத்தார்.

அன்று என் வேலை அப்படியே நின்றுபோனது. அக்கா அருளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். குடோனில் இருந்த பெரிய கண்ணாடிகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக அருளுக்குப் போட்டுவிட்டு, இடது பக்கமாக இன்னொரு நாற்காலியை ஒட்டிப் போட்டு, அதில் தான் உட்கார்ந்து பார்த்தார். “பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவ இங்க இருந்துதான பாப்பா?” பிறகு எழுந்து நின்று பார்த்தார். “நிக்கிற கண்டக்டரு இங்க இருந்து.” அருளின் முகம் அகலம் என்பதால் அவர் மனைவியை உட்காரவைத்தார், அடுத்து, பாத்திரம் விற்க வந்த ஒரு பெண்ணையும் கெஞ்சிக் கூட்டிவந்தார். அத்தனை கண்ணாடிகளில் பக்கவாட்டிலும் முழுக்க மறைத்தவை மூன்றோ நான்கோதான். அவற்றைப் பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து படம் எடுத்து, கொஞ்சமும் திருத்தாமல் அவளுக்கு அனுப்பினார். அதே படங்களை எங்கள் பட்டியலிலும் ஏற்றினேன்.

படம் பார்த்த பிறகும் சரண்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் வரலாமா என்று கேட்டாள். அப்பாவோடு பஸ்ஸில் வந்தாள். அப்பா கையில் ஒரு பொட்டலம் மல்லிகை. அக்கா அவளை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போனார். நானும் அவள் அப்பாவும் கீழ்வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

“வீட்டுல பீரோக் கண்ணாடிய துணி போட்டு மூடிட்டா சார்,” என்றார் அந்த மனிதர். “தல சீவுறதுகூட அவ அம்மாதான். பூவு ஏவாரத்துக்கு எங்கூட ஓடி ஓடி வருவா முன்னயெல்லாம். இப்பக் கொல்லையத் தாண்டுறதில்ல.” டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சிரிப்பு. அந்த மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியையே பார்த்தார். அக்கா ஒவ்வொரு கண்ணாடியையும் முதலில் தான் போட்டுக் காட்டியிருக்கிறார். “இது எனக்குப் போட்டா வெல்டிங் பட்டறை மொதலாளி மாதிரி இருக்கு, உனக்குப் பாரு எப்படி இருக்குன்னு,” என்று சொல்லியிருக்கிறார். சரண்யா இறங்கி வந்தபோது துப்பட்டா தோளில் இருந்தது. முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. இரண்டு பக்கமும் வளைந்து பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. அப்பா கொண்டுவந்த பூவில் ஒரு துண்டு அவள் தலையில் இருந்தது. மீதி மாதா படத்துக்குப் போயிருந்தது.

அவள் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் அவசரம் வந்துவிட்டது. “அக்கா, கையோட ஒரு போட்டோ எடுத்துருங்க. பரீட்சைக்கு விண்ணப்பம் போடணும், போட்டோ இல்லாம நிக்குது,” என்றார். அரசுத் தேர்வு விண்ணப்பம். அதற்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தை ஏற்க மாட்டார்கள் என்று அக்கா சொன்னார். சரண்யாவின் முகம் மாறிவிட்டது.

“செத்த நேரம் கழட்டிட்டு எடுத்துக்க தாயி. ஒரு நிமிசம்தான்,” என்றார் அப்பா.

“வேணாம்ப்பா.”

“இம்புட்டுத் தூரம் வந்துட்டு...”

“அவ சொல்லட்டும் அண்ணே,” என்றார் அக்கா. “இன்னைக்கு வேணாம்னா இன்னைக்கு வேணாம்.”

அவர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பாவுக்கு மனக்குறைதான். நானும் அக்காவிடம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் கேட்டிருப்பாள் என்றேன். அக்கா நரம்பில் தொங்கிய கண்ணாடியின் மேல் இருந்த தூசியை ஊதிக்கொண்டே, “நான் சொல்லி உக்காந்தா எனக்காக உக்காருவா. அது படத்துல தெரியும்,” என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் போனில் வேலை விஷயமெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், “சரண்யா வந்தா. தனியா வந்தா. எடுத்தேன்,” என்றார். அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்று நான் இயல்பாகக் கேட்டேன். “அது உன் கடைச் சரக்கு இல்ல தம்பி,” என்றார். அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. தீபாவளி விற்பனைக்காகப் புதுக் கண்ணாடிகள் நிறைய வந்து இறங்கியிருந்தன. சீக்கிரம் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கவாட்டுப் படமும், மேலிருந்து ஒரு படமும் எடுக்காமல் விடமாட்டேன் என்றார். அதுவும் கண்ணாடியை மட்டுமல்ல, ஆள் முகத்தில் போட்டு எடுக்க வேண்டுமாம். ஓரத்தில் முகத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால், இருக்கிறது என்று கீழே எழுதவும் வேண்டுமாம்.

“எல்லாரும் முன்னாடி ஒண்ணு, சாய்ச்சு ஒண்ணு, மடிச்சு ஒண்ணு போடுறாக. நமக்கு மட்டும் எதுக்குக்கா இம்புட்டு?” என்றேன்.

“எல்லாரும் முன்னாடி இருந்தா பாக்குறாக?”

“ஓரத்துல எடைவெளி இருக்குன்னு நாமளே எழுதுனா எவன் வாங்குவான்?”

“கடைக்கு வந்தா கையில எடுத்துத் திருப்பிப் பாப்பான்ல? இங்க அவனுக்குக் கை கிடையாது. நம்ம கைதான் அவன் கை,” என்றார் அக்கா. பிறகு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “எதை எடுக்கணும்னு நீ சொல்லு, எடுக்கிறேன். எதை மறைக்கணும்னு சொல்லாத.”

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என் சரக்கு, என் கடை என்று ஏதோ சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அருள் மொபெட்டில் பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து குடோன் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, எறக்கிட்டு வரச் சொன்னுச்சு,” என்று போய்விட்டார். ஒவ்வொரு கண்ணாடியும் துடைத்து, உறையிலிட்டு, பத்திரமாக அடுக்கியிருந்தது. கோபத்திலும் ஒன்றின்மேல்கூட விரல்தடம் இல்லை.

வேறு ஒருவரை வைத்து எடுத்தேன். படங்கள் பளபளவென்றுதான் இருந்தன. அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். கண்ணில் புரை எடுத்திருக்கிறார். மருத்துவர் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார். “முன்னாடி பக்கப் படமெல்லாம் போட்டிருந்தீகளே, இப்ப ஏன் போடுறதில்ல? வெயிலு பக்கத்துல இருந்துதான தம்பி குத்துது,” என்றார். அதற்கு மறுநாள் ஒரு பெண், கண்ணோரத்தில் வெண்படை இருக்கிறது, அது மறையுமா என்று கேட்டாள். அக்கா சரண்யாவுக்காக எடுத்த அந்தச் சில படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். வேறு எங்கே கேட்பது என்று தெரியாமல் இருந்த ஆட்கள் எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். அதுவரை எனக்கு அது பிடிபடவே இல்லை.

அன்று மதியமே மரியநாதபுரம் போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அக்கா கீழ்வீட்டில் மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“உக்காரு. மொதல்ல சாப்பிடு. மிச்சச் சண்டைய அப்புறம் போடுவோம்.”

சண்டை தொடரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். “அவருக்கு மூக்கு எப்படியாம்? ஒசரமா, சப்பையா?” என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மறுநாள் பெட்டிகள் திரும்பவும் மாடியேறின. ‘ஓரத்தில் இடைவெளி உண்டு’ என்ற வரியைப் பட்டியலில் நானே என் கையால் தட்டச்சு செய்தேன். அந்தக் கண்ணாடிகளும் விற்கத்தான் செய்தன. ஓரத்தில் காற்று வர வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா இறந்த அன்று வீட்டுக்குப் போனபோது, முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைப் புடவை. அவரை அந்த நிறத்தில் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை. அருள் என்னைத் தனியே கூப்பிட்டு, “அக்கா எப்பவும் போடுற கண்ணாடி. போட்டு விடவா, வேணாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக,” என்று கேட்டார். கையில் அக்காவின் பவர் கண்ணாடி. அதைத் தேடி எடுத்துக் கைமாற்றியதில் இரண்டு லென்சிலும் தடம் தடமாக இருந்தது. “போட்டு விடுங்கண்ணே. குடுங்க,” என்று வாங்கி, என் பையில் எப்போதும் இருக்கும் மெல்லிய துணியால் ஓரத்திலிருந்து துடைத்துக் கொடுத்தேன். துடைக்கும்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

மதியத்துக்கு மேல் சரண்யா வந்தாள். நான்தான் தகவல் சொல்லியிருந்தேன். இப்போது வத்தலக்குண்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஆபீசிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். முகத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடி. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் நின்றவளை ஒரு வயதான அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“எழவு வீட்டுக்கு வாரதுக்கு என்னடி கூலிங் கிளாஸு? கழட்டு,” என்றார்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசலில் இருந்து எழுந்து உள்ளே போவதற்குள் சரண்யாவே பதில் சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“எனக்கு ஒரு கண்ணு இல்ல பாட்டி. இது அக்கா எனக்குத் தேடி எடுத்துக் குடுத்தது. கழட்டணும்னா கழட்டுறேன்.”

அந்த அம்மா தள்ளி உட்கார்ந்து, பாயில் கையால் தட்டி, “வா தாயி, இங்கன உக்காரு,” என்றார். சரண்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய தோளில் கை போட்டுக்கொண்டு அந்த அம்மா அழ ஆரம்பித்தார். கல்லறைக்குக் கிளம்பும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

திரும்பும்போது சரண்யாவை பஸ் ஸ்டாண்டில் விட்டேன். வழியில் அவளாகவே சொன்னாள். விண்ணப்பத்துக்குப் படம் எடுத்த அன்று, கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாள். “முடியும்மா. செஞ்சா நல்லாவும் இருக்கும். ஆனா பரீட்சை எழுதப் போறப்ப படத்தையும் உன்னையும் வச்சுப் பாப்பாக. எப்படி வேணும்னு நீ யோசிச்சுச் சொல்லு, டீ போட்டு எடுத்துட்டு வாரேன்,” என்று அக்கா கீழே இறங்கிப் போய்விட்டாராம். “டீ வர்றதுக்கு ரொம்ப நேரமாச்சுண்ணே. வேணும்னே லேட்டாக்குனாகளோ என்னவோ. அவுக வந்தப்ப, இருக்கிற மாதிரியே இருக்கட்டும்க்கான்னு சொல்லிட்டேன்,” என்றாள். அந்தப் பரீட்சையில் அவள் தேறவில்லை. ஆனால் அடுத்துப் போட்ட எல்லா விண்ணப்பத்துக்கும் அதே படத்தைத்தான் ஒட்டியிருக்கிறாள். இந்த வேலைக்கும் அதுதான்.

அக்காவின் கேமரா இப்போது அருளின் மகளிடம் இருக்கிறது. கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் அவள் எங்களுக்குப் படம் எடுத்துத் தருகிறாள், நன்றாகவே எடுக்கிறாள். எனக்குப் படம் எடுக்கிற கை என்றைக்கும் வராது. அப்படியானால் என்னிடம் அக்காவுடையது என்று என்ன இருக்கிறது என்று இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது.

கன்னிவாடிப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். வயதான குரல். “தம்பி, இந்தக் கண்ணாடிய படுத்துக்கிட்டே போட முடியுமா?” என்றார். யாருக்கு என்று கேட்டேன். “எங்க வீட்டுலதான். இடுப்பு ஒடைஞ்சு படுக்கையில கெடக்கா. எந்த வெளிச்சமும் கூசுதுங்கிறா. லைட்ட அமத்துனா இருட்டுல பயமா இருக்குங்கிறா. ஒருக்களிச்சுப் படுத்தா காதுல குத்தக் கூடாது பாரு, அதான் கேட்டேன்.”

வாயில் ஒரு பதில் தயாராக வந்தது. அதைச் சொல்லவில்லை. “செத்த நேரங் கழிச்சு நானே கூப்பிடுறேங்கய்யா,” என்று வைத்துவிட்டு, குடோன் தரையில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மல்லாந்து படுத்தேன். “என்னண்ணே, மயக்கமா?” என்று பாண்டியம்மாள் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்துக் கொடுத்தாள். தலைக்குத் தன் பையை மடித்து வைத்தாள். நேர் மேலே டியூப் லைட். மல்லாந்து, இடம், வலம் என்று புரண்டு பார்த்தேன். தடித்த கால் வைத்ததெல்லாம் காதை அழுத்தியது. மெல்லிய கம்பிக் கால் வைத்த ஒன்று பரவாயில்லை. “எந்திரிங்கண்ணே, நான் படுக்கிறேன். பொம்பளைக்குக் கொண்டை இருக்குமுல்ல, அது தலையணையில முட்டும்,” என்று அவளும் படுத்துப் பார்த்தாள். கொண்டை முட்டத்தான் செய்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலை ஒரு பக்கமாக விட்டால் சரியாக இருந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டோம். லென்சில் டியூப் லைட்டும் நானும் தெரிந்தோம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேட்டவர் இருக்கிற இடத்தில் போய் ஒரு தடவை இருந்து பார்க்காமல் பதில் சொல்வதில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்.

திரும்பக் கூப்பிட்டுப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதில் குத்தாது, ஆனால் கொண்டை போடக் கூடாது, பின்னலைப் பக்கமாக விட வேண்டும் என்று சொன்னேன். அவர், “இருப்பா, அவகிட்டயே குடுக்கிறேன்,” என்றார். போன் கைமாறுகிற சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. மெல்லிய, ஆனால் தெளிவான ஒரு குரல் வந்தது.

“அது கெடக்கட்டும் தம்பி. கலரு என்னென்ன இருக்கு?”

“கறுப்பு, பழுப்பு, செவப்பு இருக்கும்மா.”

“செவப்பு அனுப்பு,” என்றார் அந்த அம்மா.